பறக்கும் காரின் இடது கொக்கி

பறக்கும் கார் என்றால் எனக்கு வானம் நினைவுக்கு வருவதில்லை. கிள்ளானில் ஒரு பழைய கிடங்கின் கூரைக்குக் கீழே, நான்கு இரும்புக் கம்பிகளில் தொங்கிய வெள்ளி நிறக் கார்தான் வருகிறது. எதிர்காலக் கோலாலம்பூரைப் பற்றிய ஒரு தமிழ்ப் படத்துக்காக உருவான கார் அது. ஒரு பழைய காரின் எஞ்சினையும் சக்கரங்களையும் கழற்றிவிட்டு, அடியில் நீல விளக்குகள் பொருத்தி அதைச் செய்தவர் எங்கள் கலை இயக்குநர் அக்கா. அதைக் கம்பியில் மாட்டித் தூக்குவது என் பொறுப்பு. பின்னால் பச்சைத் துணி. நகரத்தைப் பிறகு கணினியில் சேர்த்துக்கொள்வார்கள்.

ஒத்திகை முடிந்த அன்று, பின்பக்க இடது கொக்கியின் ஆணி லேசாக வளைந்திருப்பதைப் பார்த்தேன். மாற்று ஆணி சுங்கை வேயிலிருந்து வர வேண்டும். அரை நாள் போய்விடும். தாமதம் தாமதம் என்று இயக்குநர் ஏற்கெனவே எல்லோர் மீதும் எரிந்து விழுந்துகொண்டிருந்தார். தாங்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாள் காலை அக்கா கேட்டார்: "எல்லாம் செக் பண்ணிட்டியா?"

"ஓகே லா, அக்கா."

கதாநாயகி ஏறி உட்கார்ந்தார். கார் பன்னிரண்டு அடி உயரத்துக்குப் போனது. கேமரா ஓடிக்கொண்டிருந்தபோது அதன் பின்பக்கம் இடப்புறமாக ஒரு சாண் இறங்கியது. ஏன் என்று புரிந்தது எனக்கும் அக்காவுக்கும்தான். அக்கா கத்தவில்லை, கத்தினால் உள்ளே இருப்பவர் பதறி அசைந்துவிடுவார். கிரேனை இயக்கிய மலாய்ப் பெரியவரிடம் நடந்துபோய், "பாக்சிக், துருன். பெலான்-பெலான்," என்றார். கார் மெதுவாக இறங்கத் தொடங்கியது.

"யாரு கட் சொன்னது?" என்று இயக்குநர் கத்தினார். அக்கா காரிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. தரைக்கு ஓர் அடி இருக்கையில் ஆணி முறிந்தது. பின்பக்கம் தரையில் மோதி விளக்குகள் நொறுங்கின.

கதாநாயகிக்கு ஒரு கீறலும் இல்லை. முறிந்த துண்டைக் கையில் எடுத்த அக்கா, "நேத்தே தெரியுமா?" என்றார். தலையாட்டினேன்.

"என்கிட்ட சொல்லாத. உள்ள உட்கார்ந்திருந்தவங்ககிட்ட போய்ச் சொல்லு."

சொன்னேன். அவர் கையிலிருந்த தண்ணீர்ப் போத்தலை மெதுவாக மூடினார். "அண்ணே, நான் ஏறினப்ப நீங்கதானே பெல்ட் போட்டுவிட்டீங்க?" என்று மட்டும் கேட்டார்.

அன்றே என்னை அனுப்பிவிட்டார்கள். அக்கா எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் எனக்கு அவர்மேல் மரியாதை குறைந்திருக்கும்.

படம் வந்ததும் பிரிக்பீல்ட்ஸிலிருந்து ரயிலேறிப் போய்த் தனியாகப் பார்த்தேன். அந்தக் காட்சியை வெட்டாமல் வைத்திருந்தார்கள். கோபுரங்களுக்கு நடுவே கார் இடப்புறம் சாய்ந்தபோது உண்மையிலேயே பறப்பதுபோல் இருந்தது. அரங்கம் கைதட்டியது. நான் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது வேறொரு குழுவில் அதே வேலைதான் செய்கிறேன். யார் ஏறுவதற்கு முன்பும் நான் ஏறி, ஒருமுறை மேலே போய் வருகிறேன். அங்கே தொங்கும் அந்த ஒரு நிமிடம் பயமாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும்.