சிவப்புப் பென்சிலும் ஓர் ஊக்கும்

அறுபதுகளின் நடுப்பகுதி. அந்தமானில் ரங்கத் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு குடியேற்றக் கிராமத்துக்கு நான் மாற்றலாகி வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன் போர்ட் பிளேரில் குமாஸ்தா வேலை. தீவுகளிலுள்ள சின்னச் சின்ன ஆஸ்பத்திரிகள் என்னென்ன சாமான் வேண்டும் என்று பட்டியல் அனுப்பும். அதைச் சரிபார்த்து மெயின்லேண்டுக்கு அனுப்புவது என் பொறுப்பு. கையில் எப்போதும் ஒரு சிவப்புப் பென்சில் இருக்கும். யார் எதை எத்தனை கேட்டாலும் பாதியாக வெட்டிவிடுவேன். கெட்டிக்காரன் என்று மேலதிகாரிகள் சொல்வார்கள். பெருமையில் எனக்குத் தலைகால் புரியாது.

அன்று நல்ல மழை பெய்து விட்டிருந்தது. பக்கத்து வீட்டு வங்காளி விவசாயியை நான் அவர்கள் வழக்கப்படி தாதா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவேன். வயலில் மீன் ஏறியிருக்கிறது, வா என்று அழைத்தார். அவர்கள் கோய் என்பார்கள், நம் ஊரில் பனையேறிக் கெண்டை. சேற்றைத் துழாவி ஒன்றைப் பிடித்தேன். பிடித்த கையோடு காலடியில் இன்னொன்று ஓடியது. கையிலிருந்ததைப் பல்லில் கவ்விக்கொண்டு குனிந்தேன். தஞ்சாவூர்ப் பக்கத்து வாய்க்காலில் சின்ன வயதில் செய்த வித்தைதான்.

"பாபு, முஹ் மே மத் ரக்கோ!"

வாயில் வைக்காதே என்று தாதா கத்தினார். எனக்கா சொல்லித் தருகிறாய் என்று சிரித்தேன். வாயைத் திறந்ததுதான் தாமதம், மீன் துள்ளித் தொண்டைக்குள் போய்விட்டது.

வால் மட்டும் விரலுக்கு எட்டியது. ஆனால் இழுக்க இழுக்கச் செவுள் முள் விரிந்து சதையில் குத்தியது. விசில் ஊதுவதுபோல் கொஞ்சம் காற்றுதான் போய்வந்தது. நல்ல காலம், ஆஸ்பத்திரி மூன்று வயல் தள்ளித்தான். தாதா என்னை முதுகில் போட்டுக்கொண்டு ஓடினார்.

டாக்டர் நாகர்கோவில் பக்கத்துக்காரர். இடுக்கியை விட்டு இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கழுத்தில் ஓட்டை போட்டால்தான் பிழைப்பான் என்றார். கம்பவுண்டர் தயங்கினார்.

"குழாய்க்கு என்ன சார் பண்றது?"

"இருந்த ஒண்ணு அந்தப் பாப்பா கழுத்துல இருக்கு. ரெண்டு கேட்டேன், எவனோ ஒண்ணுன்னு திருத்திட்டான்."

எவனோ இல்லை. மூச்சுக்குத் தவித்த அந்த நேரத்திலும் எனக்கு அந்தக் காகிதம் ஞாபகம் வந்தது. 'கழுத்தில் பொருத்தும் உலோகக் குழாய் - 2.' இந்தப் பட்டிக்காட்டில் ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கா மூச்சு அடைக்கப் போகிறது என்று பக்கத்து மேஜைக்காரரிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டே இரண்டை அடித்து ஒன்று என்று போட்டு, பக்கத்தில் கையெழுத்தும் போட்டவன் நான்தான்.

பக்கத்துக் கட்டிலில் தொண்டை அடைப்பான் நோய் வந்த ஐந்து வயதுப் பெண் குழந்தை. அதன் அம்மா ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து வந்த மீன்பிடிக் குடும்பத்துப் பெண். டாக்டர் அந்தப் பக்கம் திரும்பியதும், குழந்தையை மறைத்தபடி குனிந்துகொண்டாள்.

"அதை எடுத்துராதீங்க சார்!"

"எடுக்க மாட்டேன்மா. உங்கிட்ட ஊக்கு இருந்தாக் குடு."

அவள் தாலிச் சரட்டில் தொங்கிய ஊக்கைக் கழற்றி நீட்டினாள். டாக்டர் சிவப்பு ரப்பர் குழாயில் விரல் நீளத் துண்டு ஒன்றை வெட்டினார். அது உள்ளே நழுவாமலிருக்க, ஊக்கை ஸ்பிரிட்டில் முக்கிக் குழாயின் நுனியில் குறுக்கே குத்தினார். என் கழுத்தில் கத்தி பட்டது தெரிந்தது. பிறகு 'புஸ்'ஸென்று காற்று உள்ளே போனது. அப்படி ஒரு சுகத்தை நான் அதற்கு முன்னும் அனுபவித்ததில்லை, பின்னும் அனுபவித்ததில்லை. கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. அதற்கப்புறம் மீனை நிதானமாக வெட்டி வெட்டி எடுத்தார்கள். இது குழம்புக்கு ஆகாது என்று கம்பவுண்டர் சொன்னார், தாதாகூடச் சிரித்துவிட்டார்.

ஆனால் ரப்பர் குழாய் உலோகக் குழாய் ஆகுமா? மடங்கும், சளி அடைக்கும். எனக்கோ குரல் இல்லை, கூப்பிட முடியாது. அடுத்த இரண்டு நாளும் எனக்குக் காவல் இருந்தது அந்த அம்மாள்தான். தன் குழந்தையின் மூச்சைக் கேட்டுக் கேட்டுப் பழகிய காது. நான் கையைத் தூக்குவதற்கு முன்பே அவள் குரல் கேட்கும்.

"கம்பவுண்டரண்ணே, அவுகளுக்கு மூச்சுச் சத்தம் மாறுது, ஓடியாங்க!"

அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அன்று டாக்டர் வேறு மாதிரி ஆளாக இருந்திருந்தால்? அல்லது குழந்தைக்கு முன்னால் நான் வந்து சேர்ந்திருந்தால்? படுத்துக்கொண்டு இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் போர்ட் பிளேரிலிருந்து லாஞ்சுப் படகில் ஓர் உலோகக் குழாய் வந்தது. டாக்டர் அதைப் பொருத்திவிட்டு, அதன் வாயை விரலால் மூடிக்கொண்டால் பேச்சு வரும் என்று சொல்லி, என் விரலைப் பிடித்துக் குழாயின் வாயில் வைத்தும் காட்டினார். நான் மூடிக்கொண்டு முதலில் பேசியது இதைத்தான்.

"சார்... அந்த ரெண்டை ஒண்ணாக்குனது நான்தான்."

டாக்டர் முகம் மாறவில்லை.

"தெரியும். சேர்க்கும்போது பேரெழுதினோமில்ல? திருத்தித் திரும்பி வந்த பட்டியல்ல சிவப்புல இருந்ததும் அதே பேருதான். போதும், விரலை எடுங்க, மூச்சு விடணும்."

குழந்தை எனக்கு முன்பே குணமாகி வீட்டுக்குப் போனது. போகும்போது அந்த அம்மாளிடம் ஊக்கைத் திருப்பிக் கொடுத்தேன். முந்தானையில் துடைத்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் பழையபடி தாலிச் சரட்டில் மாட்டிக்கொண்டாள். அந்த மாதமே டாக்டர் மறுபடியும் இரண்டு குழாய் கேட்டு எழுதினார். அந்தக் கடிதத்தை லாஞ்சுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது நான்தான்.

நான் வேலையிலிருந்து ஓய்வுபெற்றுப் பல வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் இன்று வரை, மனைவி எழுதிய மளிகைச் சீட்டில் இரண்டை ஒன்றாக்கலாமா என்று பேனாவை எடுத்தால்கூட, என் இடது கை தானாகக் கழுத்துத் தழும்புக்குப் போய், மூச்சு வந்துகொண்டுதான் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறது.