மூன்றாம் இடத்துக் கடைக்கு ஒரு கதிரை

நின்றுகொண்டே கதிரை விற்பதுதான் எங்கள் தொழில்.

கனடாவின் ஸ்காபரோவில் ஒரு மோல். அதற்குள் ஜப்பான் கம்பனிகளின் கடைகள் மூன்று. மூன்றும் வேறுவேறு முதலாளிகளுடையவை. ஆனால் மூன்றிலும் கோப்பை, துவாய், கதிரை, சொக்ஸ் என்று ஒரே மாதிரியான சாமான்கள்தான். ஒன்று எதிரே, ஒன்று மேல்மாடியில்; மிகச் சிறிய மூன்றாவதில் நான் தட்டுகளில் சாமான் அடுக்குகிறேன். ஊரில் துண்டுப்பிரசுரம் எழுதி, அச்சடித்து, ஒட்டி, அடியும் வாங்கியவன் நான். பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்ததில்லை; அதன் மதிலில் பசை பூசியிருக்கிறேன். பொருளாதாரம் முழுவதையும் துண்டுப்பிரசுரங்களில்தான் படித்தேன். ஆகவே நான்கு பக்கத்துக்குள் விளக்க முடியாத விஷயம் உலகில் ஒன்றிருப்பதாக நான் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

கனடாவுக்கு வந்த பிறகும் சும்மா இருக்கவில்லை. வேலை செய்த தொழிற்சாலைகளிலெல்லாம் சங்கம் கட்டப் பார்த்தேன்; எல்லாவற்றிலிருந்தும் என்னை வெளியே அனுப்பினார்கள். அன்று என்னோடு கோஷம் போட்ட தோழர்கள் இன்று வீடு விற்கிறார்கள். அவர்களுடைய விளம்பரப் படம் பஸ் தரிப்பில் பல்லைக் காட்டிச் சிரிக்கிறது. அந்தப் படத்துக்குக் கீழே நின்றுதான் நான் காலையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன். நின்று உழைத்துக் கால் வீங்கிய வாசகர்களே, மிச்சத்தை உங்களுக்காகவே எழுதுகிறேன்.

தினம் ஒரு திருத்தம்

எங்கள் கடையில் காலையில் கதவு திறக்க முன்னர் எல்லோரும் வட்டமாக நிற்க வேண்டும். வாடிக்கையாளருக்குச் சொல்லும் வணக்கத்தைச் சத்தமாகச் சொல்லிக் குனிய வேண்டும். பிறகு மனேஜர் ஆரன் நேற்றைய விற்பனையைச் சொல்லுவான். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை, வர்த்தகம் படித்தவன், என்னை 'அங்கிள்' என்று கூப்பிட்டுக்கொண்டே வேலை வாங்குவான். "எதிர்க்கடை ஃபர்ஸ்ட், மேல்மாடி செகண்ட், நாங்க ஸ்டில் தேர்ட்" என்று முடிப்பான். அதன் பிறகு ஒருவர் ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். இது ஜப்பான் வழக்கம். கடை நாளுக்கு நாள் கொஞ்சமாவது முன்னேற வேண்டுமாம். துவாயை இடது பக்கம் வைக்கலாம், பேனையை வலது பக்கம் வைக்கலாம் என்று ஆளுக்கொன்று சொல்லுவார்கள்.

எங்கள் காசாளர் பரமேஸ்வரிக்கு இரண்டு முழங்காலிலும் நோவு. மட்டக்களப்புக்காரி, வாய்விட்டு ஒன்றும் கேட்கமாட்டாள். இனிமேல் நாள் முழுக்க நின்றால் கால் உதவாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதைக் கடைக்குச் சொன்னால் தன்னைப் பின்னறைக்கு மாற்றுவார்கள், அங்கே வேலை நேரம் குறைவு, வீட்டு வாடகைக்குச் சம்பளம் காணாது என்று அவள் பயந்தாள். அவளுக்கு மட்டும் சலுகை கேட்டால்தானே அந்தப் பயம்? எல்லாக் காசாளருக்கும் கேட்டால் அது உரிமை. என் முறை வந்த காலையில் வட்டத்துக்குள் ஓர் அடி முன்னே வந்து, "காசாளர்கள் இருந்து வேலை செய்யக் கதிரை போட வேண்டும்" என்றேன். ஆரன் பேனையை மூடினான்.

"அங்கிள், அது இம்ப்ரூவ்மென்ட் இல்ல. அது டிமாண்ட்."

நான்கு பக்கத்தில் ஜப்பான்

கோரிக்கைக்கு ஆதாரம் வேண்டும். மூன்று கம்பனிகளும் ஆண்டறிக்கைகளை இணையத்தில் போட்டிருந்தன. சிரிக்கும் தலைவர்களின் படங்களைத் தாண்டிப் போனால் கணக்குகள் வரும். நான் பஸ்ஸில் அவற்றைப் படித்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் ஏதோ பங்கு வாங்கப் போகிறேன் என்று நினைத்து மரியாதையாக இடம் விட்டார்கள். வாழ்க்கையில் முதல் தடவை என்னை முதலாளி என்று நினைத்தார்கள். அந்தக் கறை இன்னும் மனதில் இருக்கிறது.

கண்டுபிடித்தது இதுதான். எதிர்க்கடைக்குச் சந்தைப் பங்கு பெரிது. நிறைய விற்றுக் கொஞ்சம் மிச்சம் பிடிக்கிறது. மேல்மாடிக் கடைக்குச் சந்தைப் பங்கு சிறிது. கொஞ்சம் விற்று நிறைய மிச்சம் பிடிக்கிறது. நாங்கள் கொஞ்சம் விற்றுக் கொஞ்சம் மிச்சம் பிடிக்கிறோம். முதலாம் இடத்துக்காரன் இடத்தைக் காப்பாற்றத் தொழிலாளியை நிற்க வைக்கிறான். இரண்டாம் இடத்துக்காரன் முந்துவதற்காக நிற்க வைக்கிறான். மூன்றாம் இடத்துக்காரன் பிழைப்பதற்காக நிற்க வைக்கிறான். ஆக, சந்தைப் பங்கு கூடினாலும் குறைந்தாலும் நிற்கிறவள் நின்றபடிதான். இதை நான்கு பக்கத் துண்டுப்பிரசுரமாக எழுதி, பரமேஸ்வரியிடம் வாசிக்கக் கொடுத்தேன். சாப்பாட்டறையில் காலை நீட்டி வைத்துக்கொண்டு கடைசி வரி வரைக்கும் வாசித்தாள்.

"எல்லாம் சரி அண்ணன், இதில என்ட முழங்கால் எங்க இரிக்கி?"

மனேஜரின் தாயார்

முழங்காலைச் சேர்த்தேன். முதற்பக்கத்திலேயே போட்டேன். சாப்பாட்டறை மேசையில் பிரதிகளை வைத்த அன்றைக்கே ஒன்று ஆரன் கையில் அகப்பட்டது. அவனுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. துண்டுப்பிரசுரத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தான். நேராகப் பிடித்துப் பார்த்தான். "இதில என்னைப் பற்றி இருக்கா?" என்று கேட்டான். "தனிமனிதரைத் தாக்குவது எங்கள் பாரம்பரியம் இல்லை" என்றேன். நம்பாமல் மடித்துப் பொக்கெற்றுக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனான். அங்கே அவனுடைய தாயார் குசினியில் அடுப்புக்கு முன்னால் நின்றபடி சத்தமாக வாசித்துக் காட்டினாவாம்.

அடுத்த நாள் அவன் என்னைத் தட்டுகளுக்கு நடுவில் தேடிப் பிடித்தான். முகத்தில் கோபமில்லை. ஒருவித மரியாதை இருந்தது. அரைநூற்றாண்டுப் பிரசார வாழ்க்கையில் வாசகர் கருத்து இவ்வளவு நேர்மையாக எனக்குக் கிடைத்ததில்லை.

"அம்மா வாசிச்சு அழுதிட்டா, அங்கிள். அழுது முடிய, 'உந்தாளைக் கெதியா வேலையால நிப்பாட்டு' எண்டு சொன்னா."

உண்மையான முதலிடம்

இடையில் ஒன்று. ஆண்டறிக்கையில் இல்லாத செய்தி என்பதால் சொல்கிறேன். கடைக்கு வந்த வயதான ஓர் அன்ரி மரத்தால் செய்த சோற்றகப்பை ஒன்றைக் கையில் எடுத்தா. தடவினா, மணந்து பார்த்தா. எதிர்க்கடையில் இதே அகப்பை என்ன விலை, மேல்மாடியில் என்ன விலை, எது வழுக்கும், எது வழுக்காது என்று கம்பனி ஆய்வாளர் தோற்கும்படி ஒப்பிட்டுச் சொன்னா. "அப்ப எங்கட அகப்பைதானே அக்கா நல்லது?" என்றேன். ஓம் என்றா. சொல்லிக்கொண்டே அதைத் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தா.

"வடிவைப் பார்க்கத்தான் தம்பி இஞ்ச வாறனாங்கள். வாங்கிறது பிளாசாவில, மலிவான டொலர் கடையில."

மொரிதா நின்று பார்த்தார்

ஜப்பான் தலைமையகத்திலிருந்து மொரிதா என்ற பெரியவர் கிளைகளைப் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. மூன்றாம் இடத்துக்கு ஆரன் காரணம் சொல்ல வேண்டும். என்னை வேலையால் நிப்பாட்டாமல் பையன் என்ன செய்தான் தெரியுமா? தாயார் வாசித்ததை ஆங்கிலத்தில் எழுதி, முதலாளித்துவம் என்று வந்த இடமெல்லாம் வெட்டி, அட்டவணை போட்டு, நிறம் தீட்டி, 'போட்டியாளர் ஒப்பீடு' என்று தலைப்பிட்டு அவரிடம் நீட்டிவிட்டான். என் குற்றப்பத்திரிகை வியாபார ஆலோசனையாகிவிட்டது. மொரிதா அதைப் படித்து மகிழ்ந்து, எழுதியவரைக் கூப்பிடச் சொன்னார். எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்டார். மதில் கதையை நான் சொல்லவில்லை.

வந்த சந்தர்ப்பத்தை விடுவேனா? ஆரன் வெட்டியதையெல்லாம், கதிரைக் கோரிக்கையோடு சேர்த்து, வாயால் ஒட்டிச் சொன்னேன். அவர் கோட்டைக் கழற்றி ஆரனிடம் கொடுத்துவிட்டு, பரமேஸ்வரிக்குப் பக்கத்துக் கல்லாவில் போய் நின்றார். ஒரு விஷயத்தை அறிய அந்த இடத்திலேயே போய் நிற்பது அவர்கள் வழக்கமாம். மத்தியானம் தாண்டியதும் ஒரு காலை மாற்றினார். பிறகு மற்றக் காலை மாற்றினார். பிறகு கல்லாவில் கையை ஊன்றிக்கொண்டார். பரமேஸ்வரி என்னைப் பார்த்துச் சிரிப்பு வர, வாயைப் பொத்தினாள். மாலையில் மொரிதா என்னிடம் வந்து, மற்றக் கடைகளில் கதிரை போட்டிருக்கிறார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் இதில் நாங்கள் முதலாவதாகப் போக வேண்டியிருக்குமே என்று கவலைப்பட்டார். "ஐயா, மூன்றாம் இடத்தில் இருக்கிறவர்கள் ஏதாவது ஒன்றிலாவது முதலாவதாகப் போய்ப் பார்க்கலாம்" என்றேன். பல்லிடுக்கால் காற்றை உள்ளே இழுத்தார். அதன் பிறகு ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"ஒரு கதிரை போட்டுப் பாருங்கள். வேலை மந்தமானால் எடுத்துவிட வேண்டும். விற்காத ரகத்தில் ஒன்றாக எடுங்கள்."

இருந்து எழும்பும் போராட்டம்

விற்காத ரகம் ஒன்று எங்களிடம் தாராளமாக இருந்தது. முதுகு சாயலாம், உயரம் அளவாக இருக்கும், எல்லாம் நல்லது. நிறம்தான் காய்ந்த சாணி. பரமேஸ்வரியை அதில் இருத்தினேன். நானே வென்ற கதிரையில் ஒரு தொழிலாளி இருக்கும் காட்சியைத் தூரத்தில் நின்று ரசிக்கலாம் என்று பார்த்தால், அவள் அதில் இல்லை. எழும்பி நிற்கிறாள். முன்னால் ஒரு வயதான ஐயா துவாயோடு நின்றார். அவர் போனதும் இருந்தாள். அடுத்ததாக ஓர் அம்மா வந்தா. எழும்பினாள். பெரியவர்கள் நிற்க நாங்கள் இருப்பது எப்படி என்பது அவள் நியாயம். ஸ்காபரோவில் பகல் நேரத்தில் மோலுக்கு வருகிறவர்கள் முழுக்கப் பெரியவர்கள்தானே! முதலாளி வர்க்கத்தை நான் நான்கு பக்கத்தில் அலசியிருந்தேன். எங்கள் ஆட்களின் மரியாதையை ஒரு வரிகூட அலசவில்லை.

முன்பு நாள் முழுக்க நின்றவள் இப்போது இருந்து இருந்து எழும்பினாள். முழங்கால் முன்னையிலும் மோசம். வரிசையும் மந்தம். அவள் இருக்கிற நேரத்தில் ஆட்கள் வேறு கல்லாவுக்குப் போனார்கள். காசாளர் கதிரையில் இருந்தால் கல்லா பூட்டு என்று அர்த்தமாம். ஆரன் கதிரையை எடுக்கப் போவதாகச் சொன்னான். அது போனால் அவளும் போக வேண்டியதுதான். "ஒருத்தருக்கும் எழும்பாதே, இது உன்ர உரிமை" என்று நான் கத்தினேன். அவள் கண் கலங்க, காலைத் தடவிக்கொண்டு சொன்னாள்.

"உரிமை இருக்கட்டும் அண்ணன், அந்த ஐயாக்கு என்ட அப்பாட வயசு."

எதிர்ப்பக்கத்துக் கதிரை

அன்றிரவு எழுதிய துண்டுப்பிரசுரத்தைக் கிழித்துப் போட்டேன். மரியாதைக்கு எதிராகப் பிரசாரம் செய்து வென்றவன் எங்கள் சனத்தில் ஒருவனும் இல்லை. காலையில் அதே சாணி நிறத்தில் இன்னொரு கதிரையை எடுத்து, கல்லாவின் இந்தப் பக்கம், வாடிக்கையாளருக்குப் போட்டேன். பெரியவர் வந்தார், இருந்தார். அவர் இருந்ததால் பரமேஸ்வரியும் இருந்தாள். எழும்பவில்லை. கொண்டுவந்த பையை மடியில் வைத்து, முழங்கால் நோவுக்கு எந்த எண்ணெய் நல்லது என்று இருவரும் பேசினார்கள். எண்ணெய்ப் பேச்சு முடிந்ததும் அவர் முதுகைச் சாய்த்துப் பார்த்தார். "உது நல்லாயிருக்கு பிள்ளை, என்ன விலை?" என்றார். அடுத்து வந்த அம்மாவும் கேட்டா. தட்டில் தூசி பிடித்துக் கிடந்த ரகம் கரையத் தொடங்கியது. காலைக் கூட்டத்தில் ஆரன் முதல் தடவையாகச் சிரித்தான். கதிரை விற்பனையில் எங்கள் கிளை எதிர்க்கடையையே முந்திவிட்டதாம். ஒவ்வொரு கல்லாவிலும் இரண்டு கதிரை போடச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது.

கடைசியில் தட்டு வெறுமையானது. வாடிக்கையாளருக்குப் போட்டவையும் விற்றுப்போயின. காசாளர்களின் கதிரைகளும் ஒவ்வொன்றாகப் போய், பரமேஸ்வரியின் கீழ் இருந்தது மட்டும் மிஞ்சியது. பக்கத்து நகரமான மார்க்கத்திலிருந்து கார் பிடித்து வந்த ஓர் அன்ரி, அவளுக்கு நேரே வந்து நின்றுகொண்டு, அதுதான் வேண்டும் என்றா. வயதில் அவளுக்குத் தாய் மாதிரி. இருப்பதற்கு வேறு கதிரையும் இல்லை. ஆரன் விற்பனையாளனின் கண்ணால் கதிரையைப் பார்த்தான். நான் தட்டைப் பிடித்துக்கொண்டேன். பரமேஸ்வரியின் கைகள் இரண்டும் கல்லாவில் ஊன்றின. எழும்பப் போகிறாள் என்றே நினைத்தேன். அவள் இருந்தபடியே கதிரையை முன்னுக்கு இழுத்து, இன்னும் வசதியாகச் சாய்ந்துகொண்டாள்.

"இது வித்துப்போச்சு, அன்ரி."

என் ஆயுளில் நான் எழுதியவற்றில் வென்றது இந்த ஒரு துண்டுப்பிரசுரம்தான், அதையும் கம்பனி விற்பனை உத்தி என்றே பதிந்து வைத்திருக்கிறது.