நாலு அடிக்குள் ஒரு பெரணி

அலுவலகங்களில் அவளை எல்லோரும் செடியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஐம்பத்திரண்டு வயதுக்காரியை, ஓய்வு பெறப் போகும் மேனேஜர்கூட அக்கா என்றே அழைப்பார். அவளும் அதைக் கண்டுகொள்ள மாட்டாள். செடிகளை வாடகைக்கு விடும் கம்பெனி ஒன்றில் அவளுக்கு வேலை. வாரத்துக்குப் பதினெட்டுக் கட்டடங்கள். கையில் பூவாளி, தோளில் ஒரு பை. பைக்குள் கத்தரி, துடைக்கும் துணி, அளவு நாடா. தண்ணீர் ஊற்ற வந்தவளுக்கு நாடா எதற்கு என்று யாராவது கேட்டால் சிரித்து மழுப்பிவிட்டுப் போவாள்.

நாடா ஒரே ஒரு செடிக்காக. சிக்னலை ஒட்டிய கண்ணாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில், வரவேற்பு மேஜைக்குப் பக்கத்தில், ஃபெர்ன் என்கிற பெரிய பெரணிச் செடி ஒன்று இருந்தது. கீற்றுகள் எல்லாப் பக்கமும் வளைந்து தொங்கி, தொட்டியே கண்ணுக்குத் தெரியாது. ஒப்பந்தப்படி அது விளிம்புக்கு விளிம்பு நாலு அடியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வருகிறவர்கள் போகிறவர்கள் மேல் உரசும், புகார் வரும், உடனே அதைத் தூக்கிவிட்டுச் சின்னதாக வேறொன்றை வைத்துவிடுவார்கள். பெரணிக்கு ஒப்பந்தமா தெரியும்? வெளிச்சமும் ஈரமும் கிடைத்தால் அது பாட்டுக்கு வளரும். அப்படிப்பட்டதை எட்டு வருஷம் நாலு அடிக்குள் கட்டிப் போட்டிருந்தாள் செடியக்கா.

ஏனென்றால் அது கம்பெனிச் செடியே இல்லை. அவளுடைய மகள் வாங்கி வந்தது.

மகளுக்கு அப்போது பதினேழு வயது. நடைபாதைக் கடையில் ஒரு பிளாஸ்டிக் டம்ளரில் மூன்றே கீற்றோடு நின்றதை வாங்கி வந்து, ஜன்னலில் வைத்து, சுருண்டு சுருண்டு வந்த குருத்தைப் பார்த்து அதற்குச் சுருட்டை என்று பேரும் வைத்தாள். "ஊருக்கெல்லாம் செடி வளக்குறே, நம்ம வீட்ல ஒண்ணாவது இருக்காம்மா?" என்று அம்மாவை வம்புக்கு இழுப்பாள். அந்த மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். ஐந்தாம் நாள் மகள் இல்லை.

அவர்கள் அப்போது இருந்த வீட்டில் ஒரே ஜன்னல், அதற்கு எதிரே பக்கத்து வீட்டுச் சுவர். சுருட்டை ஒவ்வொரு கீற்றாகப் பழுத்து உதிர ஆரம்பித்தது. செடியைப் பிழைக்க வைப்பதே தொழிலாகக் கொண்டவளுக்கு, இந்த இருட்டில் இது பிழைக்காது என்று தெரியாதா? இன்னொரு சாவை அதே வீட்டில் உட்கார்ந்து பார்க்க அவளால் முடியவில்லை. அந்த வாரம் கண்ணாடிக் கட்டடத்தில் கம்பெனிப் பெரணி ஏசிக் காற்றில் காய்ந்து கிடந்தது. அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பையில் மறைத்துக் கொண்டுபோன சுருட்டையைக் கம்பெனித் தொட்டியில் நட்டாள்.

"என்னக்கா, சின்னதாயிடுச்சு?" என்றாள் வரவேற்பு மேஜைப் பெண்.

"வெட்டி விட்டிருக்கேன். தழைச்சு வரும்" என்றாள் செடியக்கா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வீட்டில்தான் முடியவில்லை. கணவர் பஸ் டிரைவர். நாலு கேள்வி கேட்டால் ஒரு பதில் சொல்கிற மனிதர். மகளைத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூட அழாமல், வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். செடியை இடம் மாற்றிய அன்று, வேலை முடிந்து வந்தவர் காலி ஜன்னலைப் பார்த்தார்.

"சுருட்டை எங்க?"

கம்பெனித் தொட்டியில் திருட்டுத்தனமாக வைத்தேன் என்று சொன்னால் மனுஷர் பயந்துபோவார், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். "காஞ்சு போச்சுங்க" என்றாள்.

அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். அடக்கி வைத்ததெல்லாம் உடைத்துக்கொண்டு வந்தது. அப்படி அழுதவரிடம் மறுநாள் போய், இல்லைங்க, சும்மா சொன்னேன் என்று எப்படிச் சொல்வது? நாளைக்கு நாளைக்கு என்று தள்ளியதில் மாதமாயிற்று, மாதம் வருஷமாயிற்று. பிறகு சொல்லவே முடியாமல் போயிற்று.

செடியோ தழைத்தது. அதை அடக்கி வைப்பது லேசுப்பட்ட வேலையில்லை. நுனியை வெட்டினால் வெட்டிய இடம் கருகி நிற்கும். அதனால் வெளியே நீண்ட பழைய கீற்றை மண்ணை ஒட்டி அடியோடு எடுக்க வேண்டும். நடுவில் சுருண்டிருக்கும் குருத்தில் விரல்கூடப் படக் கூடாது. பச்சை நூல் மாதிரித் தண்டுகள் இறங்கி, மண்ணைத் தொட்ட இடத்திலெல்லாம் குட்டி போடும். அவற்றைப் பிடுங்க வேண்டும். உரம் பாதி அளவுதான். வருஷத்துக்கு ஒருமுறை செடியை அப்படியே தூக்கி, பல் வைத்த கத்தியால் வேரில் மூன்றில் ஒரு பங்கை அறுத்து, புது மண்ணோடு அதே தொட்டியில் இறக்க வேண்டும். பிள்ளை வளரவில்லையே என்று கவலைப்படுகிற தாய்மார்கள் உண்டு. இவளுக்கோ வளர்கிறதே என்று கவலை. வேரை அறுக்கும்போது வாய்க்குள் மன்னிப்புக் கேட்டுக்கொள்வாள்.

மூன்று வருஷத்துக்கு முன் மாடி வீட்டுக்குக் குடி மாறினார்கள். காலை வெயில் ஹாலின் பாதிவரை வந்து விழும். குட்டிச் செடிகளைக் குப்பைப் பையில் போடும்போதெல்லாம் அந்த வெயில் நினைவுக்கு வரும். ஒன்றைக் கொண்டுபோய் வைக்கலாம்தான். எங்கேயிருந்து வந்தது என்று அவர் கேட்பாரே. அந்த முகத்தைப் பார்த்து இன்னொரு பொய் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை.

அதற்கடுத்த வருஷம் கணவருக்கு ரூட் மாறியது. புது ரூட் அந்தக் கண்ணாடிக் கட்டடத்துச் சிக்னல் வழியே. பார்த்துவிடுவாரோ என்று பயந்தாள், பார்க்க மாட்டாரா என்று ஏங்கவும் செய்தாள். செடியின் அடர்ந்த பக்கத்தைத் தெருப் பக்கமாகவே திருப்பி வைத்தாள். அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. டிரைவருக்குச் சிக்னல் விளக்கைத் தவிர வேறென்ன கண்ணில் படப் போகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

இந்த வருஷம் அவளுக்குக் கண்ணில் புரை முற்றிவிட்டது. ஒரு கண் ஆபரேஷன் முடிந்து மறு கண்; குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, இரண்டு மாதம் லீவு. போவதற்கு முந்தின நாள் பெரணியை மூன்றடிக்கு இறக்கிவிட்டு, பதிலுக்கு வந்த பெண்ணிடம் கத்தரியைக் கொடுத்துப் படித்துப் படித்துச் சொன்னாள். அந்தப் பெண் நல்லவள். நல்லவளாக இருந்ததுதான் வினையாயிற்று. இவ்வளவு அழகான செடியை வெட்ட மனசு வராமல், உரத்தை மட்டும் தாராளமாகப் போட்டாள்.

லீவு முடிந்து போன அன்று, வரவேற்பு மேஜைக்குப் பக்கத்தில் விறைப்பான இலையோடு ஒரு புதுச் செடி இருந்தது. செடியக்கா பூவாளியைக் கீழே வைத்துவிட்டு நேராகக் கம்பெனிக்குப் போனாள்.

"ரிசப்ஷன்ல இருந்த ஃபெர்ன் எங்க சார்?"

"அதுவா? நாலே முக்கால் அடி வந்துடுச்சுக்கா. யாரோ வந்தவங்க பை மாட்டிக்கிச்சுன்னு ஒரே சத்தம்" என்றார் சூப்பர்வைசர். "மூணு வாரம் முன்னாடி தூக்கிட்டோம்."

"தூக்கி என்ன பண்ணீங்க?"

"குடோன்ல நாலு நாள் வெச்சிருந்தோம். பெருசாயிட்ட செடிய, வேணும்னு யாரு வந்து கேட்டாலும் சும்மாவே குடுத்துடுவோமே, உங்களுக்குத் தெரியாதா? இந்தத் தடவ யாரும் கேக்கல. உரத்துக்காக அரவை மெஷின்ல போட்டாச்சு."

அவளுக்குத் தெரியாது. அவள் கையில் ஒரு செடிகூட அளவு மீறியதில்லை. அதனால் மீறிய செடி எங்கே போகிறது என்று கேட்க வேண்டியே வரவில்லை. ஒரே ஒரு வருஷம் கத்தரியை வைக்காமல் விட்டிருந்தால் போதும். சுருட்டையை அவர்களே கையில் கொடுத்து அனுப்பியிருப்பார்கள். எட்டு வருஷமாக வெட்டி வெட்டி அவளேதான் அதை வீட்டுக்கு வரவிடாமல் செய்திருக்கிறாள். சூப்பர்வைசர் தண்ணீர் எடுத்து வந்து நீட்டினார். அவள் வாங்கிக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

சாயங்காலம் கணவர் வந்ததும் நின்றபடியே சொல்லிவிட்டாள். "சுருட்டை அன்னைக்குக் காயலைங்க. நான் பொய் சொன்னேன்." பையில் மறைத்துக் கொண்டுபோனதிலிருந்து அரவை மெஷின்வரை, நடுவில் நிறுத்தாமல் சொன்னாள். யார் கேட்டாலும் சும்மா கொடுத்துவிடும் வழக்கம் உண்டு என்பதை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொல்ல வாய் வரவில்லை.

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சிக்னல்கிட்ட, கண்ணாடிக்குள்ள இருக்குமே, அதுவா?"

"ஆமாங்க."

"தினமும் பாத்தேன்" என்றார். "பாப்பாவோடது இருந்திருந்தா இந்நேரம் இப்படித்தான் இருக்கும்னு நெனச்சுப்பேன். அந்த இடம் வந்தா சிவப்பு விழணும்னு வேண்டிக்குவேன். உன்கிட்ட சொன்னா நீ அழுவேன்னு சொல்லல."

அவள் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு ரெண்டு பேரு அதைத் தூக்கி வேன்ல ஏத்தினாங்க. பச்சை விழுந்தும் வண்டிய எடுக்க எனக்கு மனசு வரல. பின்னாடி ஒரே ஹாரன். இறங்கிப் போய், எனக்குக் குடுங்கப்பான்னு கேட்டுடலாமான்னு தோணுச்சு. பஸ் நெறைய ஆளு. எப்படி இறங்குறது? வண்டிய எடுத்துட்டுப் போயிட்டேன்."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பாங்களா?"

ஆபரேஷன் ஆன கண்ணுக்கு எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. அவர் முகத்தில் இவ்வளவு சுருக்கம் விழுந்திருப்பதை அவள் அன்றுதான் பார்த்தாள்.

"கம்பெனிச் செடிங்க அது" என்றாள். "யாரு கேட்டாலும் குடுக்க மாட்டாங்க."

"அப்ப சரி" என்றார் அவர்.