கே.கே. நகரின் குப்பத்து மிஸ்

எட்டு வயதில் வலை இழுத்தேன். மூன்றாவதோடு படிப்பு போச்சு. கட்டுமரத்தில் தொடங்கி இரண்டு ஃபைபர் படகு வாங்கினேன். அலை தின்ற வீட்டை மூன்று தடவை கட்டினேன். பட்டினப்பாக்கம் பக்கம் எங்கள் குப்பத்துக்குப் பதினொரு வருஷமாக நான்தான் தலைவன். நடுக்கடலில் நட்சத்திரம் பார்த்துக் கரை சேருவேன். ஆனால் பத்து கிலோமீட்டர் தள்ளி, கே.கே. நகரில் இருக்கும் என் ஒரே மகள் தேவியின் வீட்டுக்குப் போன ஞாயிறுதான் முதல் தடவை போனேன்.

காலை எட்டரைக்கு மந்தைவெளியில் பஸ் ஏறினேன். தி.நகருக்குப் பதினைந்து ரூபாய். வழியெல்லாம், சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். விஷயம் இதுதான். ஆடித் திருவிழாவில் தலைவனான நான்தான் ஒவ்வொரு வீட்டையும் மைக்கில் கூப்பிடுவேன். அந்த வீட்டு ஆண் வந்து அம்மன் தேங்காயை வாங்குவான். எனக்கு மகன் இல்லை. மூன்று வருஷம் முன்பு தேவி, "நம்ம வூட்டுக்கு நான் நிக்கறேன் நைனா, என் பேரைக் கூப்பிடு" என்றாள். தலையாட்டினேன். மைக்கைப் பிடித்ததும் தம்பி மகன் பேரைக் கூப்பிட்டுவிட்டேன். ஊர் முன்னால் தைரியம் வரவில்லை. புதுப்புடவையில் முன்னால் நின்றவள் அப்படியே திரும்பி நடந்தாள். அடுத்த மாசமே வேலை, வாடகை வீடு என்று போய்விட்டாள். இந்த ஆடிக்கு அவளைக் கூப்பிட ஊரைச் சம்மதிக்க வைத்திருந்தேன்.

தி.நகரில் ஆட்டோ, நூற்றைம்பதுக்குப் பேசினேன். "இன்னா பெர்சு, பொண்ணு வூட்டுக்கு வழி தெரியாதா?" என்றார் ஓட்டுநர். "வஞ்சிரம் எங்க கீதுன்னு கேளு, சொல்றேன்" என்றேன்.

பத்து மணிக்கு அபார்ட்மென்ட் வாசல். "எந்த தேவி? ஸ்கூல்ல வேலை செய்யறாங்களே, குப்பத்து மிஸ்ஸா?" என்றார் காவலாளி.

சுருக்கென்றது. "யாருய்யா அப்படிக் கூப்பிடறது?"

"அவங்களே சொல்றதுதான் சார். யாரு கேட்டாலும் நான் குப்பத்துப் பொண்ணும்பாங்க."

மேலே போனேன். "கால் வலியோட வந்துக்கீறியே நைனா!" என்று உட்கார வைத்து நெத்திலிக் குழம்பு ஊற்றினாள். சாப்பிட்டபடியே விஷயத்தைச் சொன்னேன்.

கரண்டியைக் கீழே வைத்தாள். "ஊரு வேணாம்னு சொல்லியிருந்தா நான் சண்டை போட்டிருப்பேன். ஊரு ஒண்ணும் சொல்லல. நீதான் தலையாட்டிட்டு மாத்திட்டே. இப்ப மைக்குல கூப்பிட்டுத்தான் நான் யாருன்னு தெரியணும்னு இல்ல, நைனா." கரண்டியை மறுபடி எடுத்து, "இன்னும் கொஞ்சம் மீன் போடவா?" என்றாள்.

மூன்று மணிக்குக் கிளம்பினேன். ஆட்டோ ஏறும்வரை கூடவே நின்றாள். திருவிழாவுக்கு வருகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை.

படித்த திமிரில் போய்விட்டாள் என்று குப்பத்தில் பேசுகிறார்கள். மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்கிறேன். இனி பேசுகிறவர்கள் சரியாகப் பேசுங்கள். அவளாகப் போகவில்லை. அவளை அனுப்பியது நான். அந்தக் கதையைச் சொல்லும்போது என் பேரை முதலில் சொல்லுங்கள்.