விழ மறுத்த உலக்கை

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்துவிட்டோம். அதற்குப் பிறகு ஒருவரையொருவர் தேடவும் இல்லை. ஆனால் சூரியனைக் கிரகணத்திலிருந்து ஒருமுறை நான்தான் விடுவித்தேன். படித்தவர்கள் யாராவது இப்படிச் சொல்லிக்கொள்ள முடியுமா?

இரண்டாயிரத்துப் பத்தில் மாட்டுப் பொங்கலன்று பட்டப்பகலில் கிரகணம் வந்தது. எனக்குப் பத்து வயது. புவனகிரி வீட்டில் அப்பா பசுவின் ஒரு கொம்புக்கு நீலப் பெயிண்ட் அடித்து முடித்திருந்தார். இன்னொரு கொம்புக்குப் போவதற்குள், "கெரகணம் புடிக்கிற நேரம் மாமா, கைய எடுங்க" என்று மாமா பிரஷ்ஷைப் பிடுங்கிவிட்டார். மாமா அம்மாவின் அண்ணன். ஆனாலும் அப்பாவை மாமா என்றுதான் கூப்பிடுவார். நெல்லிக்குப்பம் ஆலைக்கு டிராக்டரில் கரும்பு ஏற்றிப் போகிறவர். அவர் வந்துவிட்டால் எங்கள் வீட்டுச் சட்டமெல்லாம் அவர் போடுவதுதான். பசு அன்று முழுக்க ஒற்றைக்கொம்பு அலங்காரத்தோடு நின்றது.

அம்மாவின் தங்கை, என் சித்தி, பிரசவத்துக்காக எங்கள் வீட்டில் இருந்தாள். கிரகண வெளிச்சம் பட்டால் பிள்ளைக்கு உதடு பிளந்துவிடும் என்று அவளை உள்ளறையில் போட்டு, ஜன்னலில் கோணிப்பை அடைத்து, கதவைச் சாத்தினார்கள். கிரகணம் விடும்வரை சோறு கிடையாது, தண்ணீரும் கிடையாது.

எப்போது விடும் என்று சொல்ல வேண்டியது உலக்கை. பின்பக்கத் தகரக் கொட்டகையில் பித்தளைத் தாம்பாளம் வைத்து, மஞ்சள் தண்ணீர் ஊற்றி, அதன் நடுவில் உலக்கையை நிறுத்துவார்கள். கிரகணம் இருக்கும்வரை தானாக நிற்குமாம். விட்டதும் தானாக விழுமாம். மாமா மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு விரலாக எடுத்தார். நின்றது! பார்க்க வந்த பக்கத்து வீட்டுப் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மாமாவும் அந்தக் கும்பிட்டில் தன் பங்கை எடுத்துக்கொண்டது போலத் தெரிந்தது.

காவலுக்கு யார் என்று பேச்சு வந்தபோது, "இவளே உக்காரட்டும்" என்றாள் அம்மா.

"படிப்புதான் ஏறல. உலக்கையாவது பாரு மருமவளே" என்றார் மாமா.

உட்கார்ந்தேன். தகரத்தில் பழைய ஆணி ஓட்டைகள் இருந்தன. வழக்கமாக அவற்றின் வழியே தரையில் வட்ட வட்டமாக வெயில் விழும். அன்று ஒவ்வொரு வட்டமும் தேங்காய்க் கீற்று மாதிரி வளைந்து கிடந்தது. மாமா ஏதோ செய்து தகரத்தை நெளித்துவிட்டார் என்று நினைத்தேன். ஒரு கீற்றை உள்ளங்கையில் பிடித்தேன், மூக்கின் மேல் விழ விட்டுக்கொண்டேன். உலக்கையை மறந்தே போனேன்.

கதவுக்குப் பின்னாலிருந்து சித்தி கூப்பிட்டாள்.

"ஏண்டி, வுழுந்துச்சா?"

"இல்ல சித்தி."

"உள்ள இருக்கிறது ஒதைக்குதுடி. பசி எனக்கா அதுக்கான்னே தெரியல."

மணி மூன்றைத் தாண்டியது. கீற்றெல்லாம் கொழுத்துக் கொழுத்து மறுபடி முழு வட்டமாகிவிட்டது. உலக்கை அசையவில்லை. டிவியில் கிரகணம் முடிந்தது என்கிறார்கள் என்று பக்கத்து வீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது.

மாமா மசியவில்லை. "டிவிக்காரன் வூட்ல உலக்க இருக்கா?"

நாலு மணி. ஊரே குளித்துவிட்டுப் பொங்கல் பானையை ஏற்றிவிட்டது. எங்கள் வீட்டில் அடுப்புக்கும் உத்தரவு இல்லை. அம்மா கொட்டகைக்கு வந்து, தரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இன்னும் விழலையா?"

"இல்லம்மா."

போனாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து அதையே கேட்டாள். மூன்றாவது முறையும் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு போனாள். சித்தி இப்போது கூப்பிடுவதையும் நிறுத்தியிருந்தாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. உலக்கையிடம் கெஞ்சினேன். ஊதினேன். ஊதினதில் என் வயிறுதான் கத்தியது.

ஒரு விரல். ஒரே ஒரு விரல்தான் வைத்தேன்.

தாம்பாளம் போட்ட சத்தத்தில் பசு கயிற்றை இழுத்தது. மாமா வேட்டியை அள்ளிக்கொண்டு ஓடி வந்தார். "வுட்டுடுச்சி! வுட்டுடுச்சி! நான் சொல்லல?" கதவு திறந்தது. சித்தி ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டுச் சிரித்தாள். அப்பா ஓடிப்போய் அடுத்த கொம்புக்குப் பெயிண்ட் அடித்தார். பொங்கல் பொங்கியது. "பொங்கலோ பொங்கல்" என்று எல்லாரையும் விடச் சத்தமாகக் கத்தியவள் நான்தான். குற்றவாளி கொஞ்சம் ஓவராகத்தானே நடிப்பாள்.

அதன் பிறகு இரண்டு மாதம் நிம்மதி இல்லை. பாதிக் கிரகணத்தில் கதவைத் திறக்க வைத்துவிட்டேனே! சிதம்பரம் ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்தபோது எல்லாரும் ஆணா பெண்ணா என்று பார்த்தார்கள், நான் உதட்டைப் பார்த்தேன். முழுசாக, செக்கச் செவேலென்று இருந்தது. அது என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டது.

இப்போது எனக்கென்று ஒரு வீடும் ஓர் உலக்கையும் உண்டு. போன வருடம் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை, வேலை இல்லாத நேரத்தில், அதை நிறுத்திப் பார்த்தேன். அடியில் தட்டையான இரும்புப் பூண். நிதானமாகக் கையை எடுத்தால் நிற்கிறது. சாப்பிட்டுவிட்டு வந்தேன், நின்றது. தூங்கி எழுந்தேன், நின்றது. "நடு வூட்ல இது இன்னாத்துக்கு நிக்குது?" என்று என் வீட்டுக்காரர் தட்டிவிட்ட பிறகுதான் விழுந்தது.

ஆணி ஓட்டை வழியே தரையில் விழுந்து கிடந்தது சூரியனின் உருவமேதான் என்பதும் பிற்பாடு யாரோ சொல்லித்தான் தெரியும். அப்புறம்தான் அம்மாவின் ஞாபகம் வந்தது. மூன்று முறை வந்தாளே, ஒருமுறைகூட அவள் உலக்கையைப் பார்க்கவில்லை. தரையில் கிடந்த முழு வட்டத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அண்ணன் நிறுத்தியதில் அவள் எப்படிக் கை வைப்பாள்? அதற்குத்தான் வீட்டிலேயே கை சும்மா இருக்காத பிள்ளையாகப் பார்த்துக் காவலுக்கு வைத்திருந்தாள்.

நானோ, வாழ்க்கையில் முதல்முறையாக, சொன்ன இடத்தில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தேன்.