பலகை மூலையில் நாற்பது

சாம்பல் புதன் அன்று கோயிலுக்குள் காலெடுத்து வைத்ததுமே அந்த வாசனை வந்துவிடும். போன வருஷத்துக் குருத்தோலைகளை எரித்த சாம்பல். கருகலும் எண்ணெயும் கலந்த மாதிரி. இந்த வருஷம் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற சின்னப் பெண் நெற்றியில் சிலுவை வாங்கிக்கொண்டு திரும்பி, "நாப்பது நாளைக்கு ரீல்ஸ் பார்க்க மாட்டேன் மம்மி, ப்ராமிஸ்" என்றாள். "நோடோணா, பார்க்கலாம்" என்று கன்னடமும் தமிழுமாக அம்மாக்காரி சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. தவக்காலத்தில் எதையாவது ஒன்றை விட்டுவிடுவது எங்கள் வழக்கம். சிலர் கறியை விடுவார்கள், சிலர் காபியை. நான் ஒரு வருஷம் திட்டுவதை விட்டேன்.

இது ஒரு பெரிய விஷயமா என்று நினைப்பீர்கள். என் வாய் உங்களுக்குத் தெரியாது! மைசூர் மண்டி மொஹல்லா பக்கம் ஒரு பள்ளியில் எட்டிலிருந்து பத்தாம் வகுப்பு வரை கணக்கு டீச்சராக இருந்தேன். பாடம் கன்னடத்தில், திட்டு தமிழில். வகுப்பில் பாதிப் பிள்ளைகள் தமிழ் வீட்டுப் பிள்ளைகள்; மீதிப் பேருக்கும் என் புண்ணியத்தில் தமிழில் அந்தப் பகுதி மட்டும் நன்றாகவே தெரிந்திருந்தது.

அந்த வருஷம் பத்தாவதில் மாதேவி என்று ஒரு பெண், எட்டாவதிலிருந்தே என்னிடம்தான். தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர்ப் பக்கத்துக்காரர்கள், மைசூருக்குக் கட்டட வேலைக்கு வந்த குடும்பம். கடைசி பெஞ்சில் சுவரோடு சுவராக உட்கார்ந்திருப்பாள். கேள்வி கேட்டால் எழுந்து நிற்பாள், அவ்வளவுதான், வாய் திறக்காது. பிப்ரவரித் தேர்வில் கணக்கில் ஒன்பது மார்க். அந்தத் தாளை அவள் கையில் கொடுக்கும்போது நாற்பது பிள்ளைகள் முன்னால் சொன்னேன், "நீ உங்கம்மா மாதிரி செங்கல் தூக்கத்தான் லாயக்கு." சொல்லிவிட்டு அடுத்த தாளை எடுத்தேன். அன்றைக்கு எனக்கு அது ஒன்றுமே இல்லை.

அந்த வாரமே எங்கள் கோயில் காம்பவுண்டுச் சுவரை இடித்துக் கட்டினார்கள். மாலைப் பூசைக்குப் போனபோது தலையில் செங்கலோடு வந்த ஒரு பெண் என்னைப் பார்த்ததும் சுமையை இறக்கி வைத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கும்பிட்டாள். "வணக்கமுங்க மிஸ். மாதேவியோட அம்மாங்க. எம்புள்ள நல்லாப் படிக்குதுங்களா?"

நான் எதையோ சொல்லிவிட்டுக் கோயிலுக்குள் போனேன், பூசை முழுக்கத் தலை நிமிரவில்லை. பூசை முடிந்து பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். இந்தத் தவக்காலத்தில் கோழிக்கறி விட்டுவிடுகிறேன் என்றும் சொன்னேன். அவர், "கோழி உங்களுக்கு ஒண்ணும் பண்ணலையேம்மா. எது கஷ்டமோ அத விடுங்க" என்றார்.

விட்டேன். ஈஸ்டர் வரை ஒரு பிள்ளையையும் திட்டுவதில்லை. யாரிடமும் மூச்சுவிடவில்லை, ஆனால் எங்கள் கோயிலுக்கே வரும் என் வகுப்புப் பிள்ளை ஸ்டெல்லாவுக்கு எப்படியோ தெரிந்து, மூன்றாம் நாளே வகுப்புக்குப் பரவிவிட்டது. கரும்பலகையின் வலது மூலையில் மீதி நாள்களை எழுத ஆரம்பித்தார்கள். முப்பத்தேழு. முப்பத்தாறு. படுபாவிகள், சோதனை வேறு செய்து பார்த்தார்கள். ஒருத்தன் வீட்டுப்பாடம் கொண்டு வராமல், "மறந்துட்டேன் மிஸ்" என்று பல்லைக் காட்டினான். என் கை தானாகக் கைப்பைக்குள் போய்ச் செபமாலையைத் தேடும். ஒரு 'அருள் நிறைந்த மரியே' செபம் சொல்லி முடித்த பிறகுதான் பதில். "ஏய், மிஸ் செபம் பண்றாங்க, கம்முனு இரு!" என்று முன் பெஞ்சு பின் பெஞ்சை அதட்டும். ஞாயிற்றுக்கிழமைகள் தவக்கால நாற்பதில் சேராது. பள்ளியும் அன்றைக்கு லீவு என்பதால், வாரம் முழுக்கச் சேர்ந்ததை என் வீட்டுக்காரர்தான் வாங்கிக் கட்டிக்கொண்டார். பாவம் மனுஷன்.

உண்மையைச் சொன்னால், பொறுமை என்னிடம் ஒரு பொட்டுகூட இருப்பு இல்லை. வகுப்பு வாசலில் நின்று, "ஆண்டவரே, இந்த ஒரு பீரியடுக்கு மட்டும் கொடும்" என்று கேட்பேன். அந்த பீரியடுக்கு மட்டும்தான் கிடைக்கும். அடுத்ததற்கு மறுபடி கேட்க வேண்டும்.

இரண்டாவது வாரம் மாதேவி கை தூக்கினாள். மூன்று வருஷத்தில் முதல் தடவை. "மிஸ், மைனஸும் மைனஸும் பெருக்குனா ஏனுங்க பிளஸ் ஆவுது?" வகுப்பே திரும்பிப் பார்த்தது. அவளுக்கு மூளை இல்லாமல் இல்லை. என் குரல் உயர்ந்தால் அவளுக்குக் கணக்கு மறந்துபோகும், அவ்வளவுதான் விஷயம். இது தெரிய எனக்கு மூன்று வருஷம் ஆகியிருக்கிறது. தினமும் பள்ளி விட்டதும் அரைமணி நேரம் அவளோடு உட்கார்ந்தேன்.

பலகையில் இருபத்திரண்டு என்று இருந்த நாள். மத்தியான வெயில், எனக்குத் தலைவலி. மாதேவி அதே மைனஸை அதே இடத்தில் ஏழாவது தடவையாக விட்டாள். கைப்பை மேஜையில் இருந்தது, நான் அவள் பெஞ்சருகே நின்றேன். "எத்தன வாட்டிடீ சொல்றது? மண்டையில என்ன களிமண்ணா?"

அவள் நோட்டை மெதுவாக மூடினாள். மறுநாள் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. பொதுத்தேர்வுக்கு இரண்டு வாரம்தான் இருந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் விசாரித்துக்கொண்டு போனேன். பாதி எழும்பிய அடுக்குமாடிக்குப் பின்னால் தகரக் கொட்டகை. மாதேவி வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள், என்னைப் பார்த்து எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அவள் அம்மாதான் பேசினாள். "இனிப் பரிச்சையே எழுத மாட்டேன்னு நிக்குதுங்க மிஸ். திங்கக்கெழமை கார்மெண்ட்ஸ்ல சேத்து உட்டர்லாம்னு இவங்கப்பா சொல்லிட்டாரு."

கௌரவம் பார்த்துக்கொண்டு நிற்க நேரமில்லை. களிமண் என்றதையும் சொன்னேன், அதற்கு முன்னால் செங்கல் பற்றிச் சொன்னதையும் ஒரு வார்த்தை மறைக்காமல் சொன்னேன். ரெண்டு பேரும் என்னை மன்னிக்கணும் என்று கேட்டேன்.

அந்த அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "செங்கல் தூக்கறது ஒண்ணும் கேவலமில்லீங்களே மிஸ்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அழுதுவிட்டேன். அவள் உள்ளே போய் டீ வைத்தாள்.

டம்ளரை நீட்டியது மாதேவி. கண்ணைப் பார்க்காமல் கேட்டாள், "நாளைக்குப் பலகையில எத்தனைன்னு எழுதறதுங்க மிஸ்? பதினெட்டா, நாப்பதா?"

"நாப்பது" என்றேன். "முதல்லேர்ந்து. நீயே வந்து எழுது."

வந்தாள். எழுதினாள். ஈஸ்டர் வந்து போனது, மற்றவர்களெல்லாம் கறி தின்றார்கள், என் கணக்கு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. தேர்வு முடிவில் கணக்கில் அவளுக்கு முப்பத்தெட்டு. பாஸ்! அவள் அப்பா கார்மெண்ட்ஸ் பேச்சை விட்டார். அரசுக் கல்லூரியில் பி.யூ.சி. சேர்ந்தாள், அங்கே அதுதான் பிளஸ் ஒன்.

அதற்குப் பிறகும் பத்தொன்பது வருஷம் பாடம் எடுத்தேன். ஒவ்வொரு வகுப்பிலும் மூலையில் ஒரு எண் இருக்கும். தவறும்போதெல்லாம் பிள்ளைகள் தயவு பார்க்காமல் நாற்பது என்று எழுதிவிடுவார்கள். அது பூஜ்யம் வரை இறங்கி நான் பார்த்ததே இல்லை. ஓய்வு பெற்ற அன்று பதினேழில் நின்றது. துடைக்காமல் வந்துவிட்டேன்.

இப்போது அந்த வகுப்புகளில் பெரிய திரை மாட்டியிருக்கிறார்கள். மூலையில் எழுதினால் யாராவது சத்தம் போடுவார்கள். தகரக் கொட்டகை இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். மாதேவி எங்கே இருக்கிறாளோ, எனக்குத் தெரியாது.

இந்த வருஷம் நெற்றியில் சாம்பலோடு வீட்டுக்கு வந்தால், வீட்டுக்காரர் பேப்பர் படித்துக்கொண்டே பாலைப் பொங்க விட்டிருந்தார். அடுப்பு, மேடை, தரை எல்லாம் பால். திட்ட வாயைத் திறந்துவிட்டேன். நல்லவேளை, அன்றைக்குச் சாம்பல் புதன், ஞாயிறு இல்லை என்பது ஞாபகம் வந்தது. பலகையும் இல்லை, எழுத மாதேவியும் இல்லை. பென்சிலை எடுத்துக் காலண்டரின் வலது மூலையில் நானே எழுதிக்கொண்டேன்: நாற்பது.