கருவாட்டுக் கூடைக்கு ஒரு வேம்பு

எதையும் அளந்து பார்க்காமல் என்னால் சும்மா இருக்க முடியாது. எண்பதுகளின் தொடக்கத்தில் உத்திரமேரூரில் ஓவர்சியராக இருந்தபோது, பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஆஸ்பத்திரி வரை சாலையோரம் மரம் வைக்கப் பிளான் போடச் சொன்னார்கள். இருபதடிக்கு ஒரு குழி என்று கோடு போட்டிருந்தால் அரை நாள் வேலை. ஆனால் மொட்டை வெயிலில் அந்தத் தெருவில் யார் எங்கே நடக்கிறார்கள், எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்கும் ஆசை வந்துவிட்டது. டேப்பும் சாக்கட்டியுமாக ஒரு வாரம் அங்கேயே சுற்றினேன். எனக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று டீக்கடைக்காரர் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார்.

அப்போதுதான் கருவாடு விற்கும் அந்தப் பெண்ணைக் கவனித்தேன். என் வயதுதான் இருக்கும். காலையில் வாலாஜாபாத் பஸ்ஸில் கூடையோடு வந்து இறங்கி, நெல் குடோன் சுவரின் நிழலில் உட்காருவாள். நிழல் சுருங்கச் சுருங்கக் கூடையையும் அரை முழம், ஒரு முழம் என்று சுவர்ப் பக்கமாக நகர்த்திக்கொண்டே இருப்பாள். உச்சிவேளையில் நிழல் தீர்ந்துவிடும். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பாள். வேறு இடம் போனால் வியாபாரம் படுத்துவிடும். கருவாடு என்றால் ஊருக்கே அந்தச் சுவர்தான் அடையாளம்.

கூடை இருந்த இடங்களையெல்லாம் மணி போட்டுச் சாக்கட்டியால் குறித்தேன்.

"இன்னா சார், நான் குந்தற எடத்தையெல்லாம் கோடு போட்டுக்கினு கீறீங்க? காலி பண்ணச் சொல்லப் போறீங்களா?" என்று கேட்டாள்.

இல்லை, உனக்கு நிழலுக்காக மரம் வைக்கப் போகிறேன் என்றேன். அவள் நம்பவில்லை.

மற்ற குழிகளுக்குப் புங்கன். அவள் இடத்துக்கு மட்டும் வேம்பு என்று எழுதினேன். குளிர்ச்சி, நோய்நொடி அண்டாது என்பது என் கணக்கு. குழி வெட்டியவர் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு, "வேம்பா சார்?" என்று இழுத்தார். ஊரில் இருப்பவரையெல்லாம் கேள்வி கேட்டுத் துளைத்த நான், ஏன் அப்படிக் கேட்கிறீர்கள் என்று அவரை மட்டும் கேட்கவில்லை.

மரத்தை வளர்த்தது அவள்தான். டீக்கடையில் குடம் இரவல் வாங்கித் தினமும் தண்ணீர் ஊற்றினாள், முள் வைத்து ஆட்டை விரட்டினாள். மூன்றாம் வருஷம் உச்சிவேளை நிழல் அவள் தலைமேல் விழுந்தது. எனக்கு வந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை.

நான் லீவு முடிந்து திரும்பியபோது மரத்தின் இடுப்பில் மஞ்சள் துணி இருந்தது. அடியில் குங்குமம் அப்பிய ஒரு கல். யார் வைத்தது என்று ஒரு வாரம் விசாரித்தேன். கேட்ட ஒவ்வொருவரும், தான் பார்க்கும்போதே இருந்தது என்றார். ஆத்தா இருக்கிற இடத்தில் கருவாட்டு நாற்றம் ஆகாது என்று தெரு ஆட்கள் அவளை எதிர்ப்பக்கம் போகச் சொல்லிவிட்டார்கள். அங்கே காலையிலிருந்தே வெயில். சுவரில்லை, வாடிக்கையும் பாதி போய்விட்டது. நான் போய்ப் பேசிப் பார்த்தேன். சாமி விஷயம் சார் என்றார்கள், வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. அவளுக்கும் ஒரு புங்கன் வைக்கிறேன் என்றதற்கு, அது வளர்றவரைக்கும் குடை பிடிக்க நீங்க வருவீங்களா என்று கேட்டாள்.

ஆடி வந்தது. மரத்தடியில் முதல் தடவையாகக் கூழ் ஊற்றினார்கள். அண்டா நிறையக் கேழ்வரகுக் கூழ், முருங்கைக்கீரை, எல்லாம் வந்துவிட்டது. படையலுக்குக் கருவாட்டுக் குழம்பு வைக்க வேண்டும். அவளைக் காலி பண்ணச் சொன்னவர்களில் ஒருவரே பாத்திரத்தோடு ரோட்டைக் கடந்து அவளிடம் போனார். என்ன நடக்கும் என்று பார்க்க நானும் பின்னாலேயே போனேன்.

அவள் பாத்திரத்தைத் தொடவில்லை. கூடையைத் தலையில் தூக்கி வைத்தாள், குறுக்கே நடந்தாள், வேம்படியில் கல்லுக்குப் பக்கத்தில் இறக்கினாள். கூட்டம் அவளையே பார்த்தது.

"ஆத்தாளுக்குப் படைக்கறப்போ கருவாடு வேணும். அத்த விக்கிறவ குந்தினா மட்டும் நாறுதா?" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை.

கூழ் கிளறிக்கொண்டிருந்த ஒரு பெண் அண்டாவைப் பிடித்து ஒரு முழம் தள்ளி வைத்தாள். அந்த இடத்தில் கருவாட்டுக்காரி கால் நீட்டி உட்கார்ந்து, தலையிலிருந்த முந்தானையை எடுத்துவிட்டாள்.